கிடார் கத்துக்கணுமா? முதலில் வலது கையைக் கவனியுங்கள்

கிடார் வாங்கலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த பிராண்ட் வாங்குவது. அடுத்தது, எத்தனை மாதத்தில் ஒரு பாட்டு வாசிக்கலாம். இரண்டுக்கும் பதில் கீழே வரும். ஆனால் ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் வளர்ந்தவர் என்றால் கிடாரில் பாதி வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கூல் பெஞ்சில் தாளம் போட்டு வாத்தியாரிடம் திட்டு வாங்காதவர் இங்கே குறைவு. ஒரு டோலக்கோ காலிக் குடமோ கையில் கிடைத்தால் தெருமுனையில் கானா ஆரம்பித்துவிடும், சுற்றி நிற்பவர்கள் கைத்தட்டல் பிசகாமல் கூடவே போவார்கள். அந்தத் தாளம்தான் கிடாரில் வலது கை செய்யும் வேலை. புதிதாகப் பழக வேண்டியது இடது கை மட்டும். ஆனால் பெரும்பாலான வீடியோக்களும் சில வகுப்புகளும் முதல் நாளே இடது கையில் ஏழெட்டு கார்ட் (சில கம்பிகளை அழுத்திப் பிடித்து, பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்க வைப்பது) பிடிக்க வைத்துவிட்டு, தாளத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. மூன்றாவது வாரம் விரலும் வலிக்கிறது, பாட்டும் வரவில்லை, கிடார் பீரோவுக்கு மேலே போய்விடுகிறது. நாம் தலைகீழாகப் போகலாம்.

(இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையில் வலது, இடது இரண்டையும் மாற்றிப் படியுங்கள். அதற்கென்று லெஃப்ட் ஹேண்ட் கிடார் கிடைக்கும், ஆனால் கடையில் ஒன்றிரண்டுதான் இருக்கும். சிலர் சாதாரண கிடாரிலேயே பழகிவிடுகிறார்கள். இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.)

எந்த கிடார்

நைலான் கம்பி போட்டது கிளாசிக்கல், ஸ்டீல் கம்பி போட்டது அக்கவுஸ்டிக், ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசிப்பது எலக்ட்ரிக். நைலான் விரலை அவ்வளவாக வெட்டாது, ஆனால் கழுத்து அகலம். தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து வரும் நட் என்ற சின்னப் பட்டை இருக்கும் இடத்தில் சுமார் 52 மில்லிமீட்டர் வரும், ஸ்டீல் கிடாரில் சுமார் 43. சின்னக் கை உள்ளவருக்கு இந்த ஒன்பது மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். ட்ரினிட்டி கிரேடு தேர்வில் கிளாசிக்கல் பிரிவில் போக வேண்டும் என்றால் நைலான்தான் வாங்க வேண்டும். இளையராஜா அப்படி லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தேறியவர்தான். மற்றபடி சினிமாப் பாட்டு, சர்ச் பாட்டு, நண்பர்களோடு உட்கார்ந்து பாடுவது என்றால் ஸ்டீல் கம்பி அக்கவுஸ்டிக் போதும். எலக்ட்ரிக் உண்மையில் விரலுக்கு ரொம்ப சுலபம், கம்பி மெல்லிசு, உயரமும் குறைவு. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் ஹவுசிங் போர்டு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் வராது. ஆனால் ஆம்ப், ஒயர் எல்லாம் சேர்ந்தால் செலவு ஏறிவிடும். ஆரம்பத்துக்கு அக்கவுஸ்டிக்கையே சொல்வேன்.

பணம் எவ்வளவு? ஆறாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்ல கிடார் கிடைக்கும். யமஹா எஃப்280, எஃப்310 இரண்டும் புதியவர்கள் அதிகம் வாங்குபவை. கேடன்ஸ், கொல்கத்தா கிவ்சன் என்று வேறு பெயர்களும் உண்டு. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு கலர் கலராக, பக்கத்தில் வெட்டு வைத்து வருவதைத் தவிர்த்துவிடுங்கள். பலவற்றில் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியே இருக்காது, கம்பிகளின் இழுப்பில் கழுத்து வளைந்தால் நிமிர்த்த வழியில்லை. அதே சமயம் முதல் கிடாருக்கு இருபதாயிரம் கொடுத்து, மேல்பலகை முழுமரம் என்று வாங்குவதும் நம் ஊருக்கு வேண்டாத வேலை. காரணத்தைக் கடல் காற்றைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

பிராண்டைவிட முக்கியமானது கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. இதை ஆக்‌ஷன் என்பார்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளையும் அவை பிரிக்கும் கட்டங்களையும் ஃப்ரெட் என்பார்கள், தலைப்பக்கமிருந்து எண்ண வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் விரல் பிழைக்கும். கடையில் ஸ்கேல் எடுத்து அளக்கக் கூச்சமாக இருந்தால் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட் மேல், தடித்த கம்பிக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். ஒரு நாணயம் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டும் கம்பியில் படாமல் தாராளமாக நுழைந்தால் ஆக்‌ஷன் உயரம் என்று அர்த்தம். "அண்ணா, ஆக்‌ஷன் கொஞ்சம் இறக்கிக் கொடுங்க" என்று கேளுங்கள். அடிப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சேடில் என்ற பட்டையைக் கொஞ்சம் தேய்த்தோ ட்ரஸ் ராடைத் திருகியோ கொடுப்பார்கள். முடியாது என்றால் வேறு கிடார், இல்லை வேறு கடை. இன்னும் இரண்டு சோதனை: ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தித் தட்டிக்கொண்டே போங்கள், எங்காவது 'ஜிர்ர்' என்று இழுத்தால் அந்த கிடார் வேண்டாம். அப்புறம் கம்பியை வெறுமனே ஒரு முறை, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி ஒரு முறை தட்டி, சுதி காட்டும் டியூனரில் பாருங்கள். இரண்டும் அதே ஸ்வரத்தைக் காட்ட வேண்டும், பின்னது ஒரு ஸ்தாயி மேலே இருக்கும், அவ்வளவுதான்.

ஆன்லைனில் நூறு இருநூறு குறையலாம், ஆனால் இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது. அண்ணா சாலையில் 1842-ல் ஆரம்பித்த மியூசி மியூசிக்கல் இன்னும் இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கிருந்து ஏறினாலும் மெட்ரோவில் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் வரை போய் இறங்கலாம். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சர்ச் கொயரில் யாராவது ஒரு அண்ணன் கட்டாயம் இருப்பார். பழைய கிடார் வாங்குவதும் தப்பில்லை, பெரம்பூர், ராயபுரம் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த பகுதி அது, கிடார் அங்கே புதுச் சாமான் கிடையாது. பழையதில் பிரிட்ஜ், அதாவது பலகையில் கம்பிகள் மாட்டியிருக்கும் கட்டை, மேலே தூக்கியிருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைந்தாலே வேண்டாம்.

கூடவே வாங்க வேண்டியவை: கிடாரின் தலையில் மாட்டும் கிளிப் டியூனர், கம்பியைத் தட்டும் பிக் 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டரில் நாலைந்து (தொலைந்துகொண்டே இருக்கும்), கூடுதலாக ஒரு செட் கம்பி, பஞ்சு வைத்த பை. கம்பி செட்டில் எக்ஸ்ட்ரா லைட் கேளுங்கள், மெல்லிய கம்பி 0.010 இஞ்ச் என்று போட்டிருக்கும். கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கிளிப்பை இரண்டாவது மாதம் வாங்கினால் போதும்.

கடல் காற்று

எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது, ஏனென்றால் எழுதுகிறவர் வீட்டு ஜன்னலில் உப்புக் காற்று அடிப்பதில்லை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கிரில் கேட் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். கம்பியும் இரும்புதான். வாசித்து முடித்ததும் கை வியர்வையையும் ஈரத்தையும் காய்ந்த காட்டன் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று சுவரில் மாட்டி வைக்காதீர்கள். பைக்குள் சிலிகா ஜெல் பாக்கெட் போடலாம், ஆனால் பழைய செருப்பு டப்பாவிலிருந்து எடுத்தது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், புதிது வாங்குங்கள். சிலர் கம்பிக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம், தூசி ஒட்டி சத்தம் செத்துவிடும். கம்பி கறுத்து, விரலை மேலும் கீழும் இழுத்தால் சொரசொரவென்று இருந்தால் மாற்ற வேண்டிய நேரம். இங்கே இரண்டு மூன்று மாதத்திலேயே அது வந்துவிடும். காசு இருந்தால் கோட்டிங் போட்ட கம்பி வாங்கலாம், விலை அதிகம், உழைப்பும் அதிகம்.

மரத்துக்கும் இதே கதைதான். மழைக்காலத்தில் ஈரம் குடித்து மேல்பலகை உப்பும், கம்பி உயரும். முழுமரப் பலகை இதில் ரொம்ப ஆடும், பிளை ஒட்டிய பலகை அவ்வளவு ஆடாது. முதல் கிடாருக்கு முழுமரம் வேண்டாம் என்றது இதனால்தான். மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு நேர் கீழே, பரண் மேல் வைத்தால் பசை இளகி பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் வைப்பது மேல்.

டியூன் செய்வது

கீழே இருக்கும் மெல்லிய கம்பி ஒன்றாம் நம்பர், மேலே இருக்கும் தடித்த கம்பி ஆறாம் நம்பர். ஆறிலிருந்து ஒன்று வரை: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ (டியூனரில் E, A, D, G, B, E). மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை.

போனில் கிடார்டூனா மாதிரி இலவச ஆப் இருக்கிறது. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும் வீட்டில் மைக்கை நம்பும் ஆப் தடுமாறும். கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வை வாங்குவதால் வெளிச் சத்தம் அதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் அதை முதலிலேயே வாங்கச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. கிளிப் டியூனர் எழுத்தை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று பெரும்பாலும் காட்டாது. ஈ வரவில்லையே என்று ஒன்றாம் கம்பியை முறுக்கிக்கொண்டே போனால் சரியான ஈயைத் தாண்டி, அடுத்ததைத் தேடிப் போகும் வழியில் கம்பி படாரென்று அறுந்து கன்னத்தில் அடிக்கும். முறுக்க முறுக்க கம்பி விறைப்பாகி பயம் வந்தால், நிறுத்தித் தளர்த்தி மறுபடி கீழிருந்து வாருங்கள். காதைப் பழக்க ஐந்தாவது ஃப்ரெட் முறையும் தெரிந்திருக்கட்டும்: ஆறாவது கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் சத்தமும் ஐந்தாவது கம்பியை வெறுமனே தட்டினால் வரும் சத்தமும் ஒன்று. இப்படியே ஒவ்வொரு ஜோடியாக வரலாம், மூன்றாவது கம்பியில் மட்டும் நாலாவது ஃப்ரெட்டை அழுத்த வேண்டும். தினமும் கையில் எடுத்ததும் முதல் வேலை டியூன். சுதி கெட்ட கிடாரில் எவ்வளவு நல்லா வாசித்தாலும் கேட்க முடியாது.

உட்காரும் விதம்

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பெரிய கிடார் முட்டியில் இடித்து, கழுத்து கீழே சரியும். கை வைக்காத பிளாஸ்டிக் சேர் அல்லது ஸ்டூல் நல்லது. இடுப்பு மாதிரி உள்ளே வளைந்த பகுதி வலது தொடையில் இருக்கட்டும், கிடாரின் தலை இடது தோள் உயரத்துக்கு வரட்டும். குனிந்து விரலைப் பார்க்க வேண்டும் என்பதற்காக கிடாரை மல்லாத்திவிடாதீர்கள், மணிக்கட்டு மடங்கி வலிக்கும்.

முதல் வாரம்: இடது கைக்கு லீவு

இடது கை விரல்களை எல்லாக் கம்பிகள் மேலும் லேசாகப் படுக்க வையுங்கள், அழுத்த வேண்டாம். இப்போது தட்டினால் ஸ்வரம் வராது, 'சக் சக்' என்று வரும். இந்த வாரம் முழுக்க இந்த 'சக்'தான். பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், நுனி மட்டும் வெளியே தெரிய, இறுக்காமல் பிடியுங்கள். கை முழங்கையிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் ஆட வேண்டும்.

தகதிமி தகஜுணு என்று வாயால் சொல்லுங்கள். எட்டு அட்சரம். ஒற்றைப்படை அட்சரத்தில் கை கீழே போகும், இரட்டைப்படையில் மேலே வரும். அதாவது த-வில் கீழே, க-வில் மேலே, தி-யில் கீழே, மி-யில் மேலே. கை இப்படி நிற்காமல் போய் வரட்டும். இது பழகியதும் இரண்டாவது அட்சரத்தையும் ஐந்தாவது அட்சரத்தையும் மட்டும் கம்பியில் படாமல் விடுங்கள். கை போகும், வரும், ஆனால் அந்த இரண்டு இடத்தில் காற்றில் போகும். கேட்டுப் பாருங்கள், நூற்றுக்கணக்கான சினிமாப் பாட்டுகளில் வரும் ஸ்ட்ரம் உங்களுக்கே தெரியும். வீடியோக்களில் 'டவுன், டவுன் அப், அப் டவுன் அப்' என்று ஒப்பிக்க வைப்பது இதைத்தான். ஒப்பித்தால் பாட்டு நடுவே மறந்துபோகும். கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தால் மறக்க ஒன்றுமே இல்லை.

அடுத்தது நம்ம ஊர் நடை. டப்பாங்குத்து திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்றாக ஓடுவது: தகிட தகிட. த-வில் கீழே அடி, கி-யில் சும்மா, ட-வில் மேலே. த... ட, த... ட. மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் கை தானாகப் பிடித்துக்கொள்ளும், வீட்டில் யாராவது ஒருவர் தலையாட்டுவார். வெளிநாட்டு ஆரம்பப் பாடங்கள் நாலுக்கு நாலு தாளத்திலேயே மாதக்கணக்கில் சுற்றும், இந்த நடைக்கு வரவே நாளாகும். நமக்கு இது முதல் வாரத்திலேயே வரும், வர வேண்டும்.

சீராக 'டிக் டிக்' அடிக்கும் மெட்ரோனோம் ஆப்பை நிமிஷத்துக்கு 60-ல் வைத்து, ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு தகிட. சரியாக விழுந்தால் 70, அப்புறம் 80. நாளைக்குப் பதினைந்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்காருவது விரலையும் கெடுக்கும், ஆசையையும் கெடுக்கும்.

இடது கை

விரல்களுக்கு நம்பர்: ஆள்காட்டி 1, நடு 2, மோதிர 3, சுண்டு 4. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இல்லாவிட்டால் கம்பி அழுந்தாது. விரல் நுனி நேராக இறங்க வேண்டும், ஃப்ரெட் கம்பியை ஒட்டி, ஆனால் அதன் மேல் ஏறாமல். நடுவில் அழுத்தினால் இரண்டு மடங்கு பலம் வேண்டும், அப்போதும் 'ஜிர்' என்றுதான் வரும்.

முதல் கார்ட் ஈ மைனர். இரண்டாவது ஃப்ரெட்டில் ஐந்தாவது கம்பியில் 2, நாலாவது கம்பியில் 3. அவ்வளவுதான், ஆறு கம்பியையும் தட்டலாம். ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பாருங்கள், ஏதாவது ஒன்று செத்த சத்தம் கொடுத்தால் பக்கத்து விரல் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்து ஏ மைனர்: இரண்டாவது கம்பி முதல் ஃப்ரெட்டில் 1, நாலாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் 2, மூன்றாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் 3. ஆறாவது கம்பியைத் தட்ட வேண்டாம். இப்போது 3-ஐ மட்டும் தூக்கி ஐந்தாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் வையுங்கள், சி கார்ட் வந்துவிட்டது. மற்ற இரண்டு விரலும் அசையக் கூடாது. புதியவருக்கு ஏ மைனரிலிருந்து சி போவது மாதிரி சுலபமான மாற்றம் கிடையாது. ஒரு வாரம் இந்த இரண்டு மட்டுமே தகதிமியில் மாறி மாறி வாசியுங்கள், போரடிக்கும், பரவாயில்லை.

ஜி, டி இரண்டும் கொஞ்சம் படுத்தும். ஜி: ஆறாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் 2, ஐந்தாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் 1, இரண்டாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் 3, முதல் கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் 4. நாலு விரல் எதற்கு என்று தோன்றும். காரணம் இருக்கிறது: 3-ஐயும் 4-ஐயும் அங்கேயே விட்டுவிட்டு, 1, 2 இரண்டையும் ஒரு கம்பி கீழே இறக்கினால் சி-யின் ஒரு வகை, சி ஆட் 9 கிடைக்கும். இரண்டையும் நாலாவது, ஐந்தாவது கம்பிகளில் இரண்டாவது ஃப்ரெட்டுக்குக் கொண்டுவந்தால் ஈ மைனர் 7. பாதிக் கை அசையாமலே மூன்று கார்ட். டி: மூன்றாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் 1, முதல் கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் 2, இரண்டாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் 3, நாலு கம்பி மட்டும் தட்ட வேண்டும். ஜி, டி, ஈ மைனர், சி நாலும் வந்துவிட்டால், ஆரம்பத்தில் கேட்ட 'எத்தனை மாதம்' என்ற கேள்விக்குப் பதில்: தினமும் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில், பாடிக்கொண்டே ஒரு பாட்டு. பல கானா மெட்டுகளுக்கு நாலுகூட வேண்டாம், இரண்டு மூன்று போதும்.

கார்ட் மாற்றும்போது எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: விரல் இடம் தேடும் வரை வலது கையை நிறுத்திவிட்டு, எல்லாம் சரியானதும் மறுபடி தட்டுவது. கேட்பவருக்கு அது பாட்டாகவே இருக்காது. விரல் தப்பான இடத்தில் இருந்தாலும் சரி, காற்றில் இருந்தாலும் சரி, வலது கை தகதிமியை விடக் கூடாது. வெறும் கம்பியோ 'சக்'கோ கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். தப்பான கார்டை நாலு பேரில் ஒருவர் கண்டுபிடிப்பார், தாளம் நின்றால் தெருவே கண்டுபிடிக்கும்.

முன்னேற்றம் தெரிய வேண்டுமா, போனில் ஒரு நிமிஷம் டைமர் வைத்து இரண்டு கார்டுக்கு நடுவே எத்தனை முறை மாறுகிறீர்கள் என்று எண்ணி எழுதுங்கள். நிமிஷத்துக்கு முப்பது வந்தால் மெதுவான பாட்டுக்குப் போதும், அறுபது வந்தால் அந்த ஜோடியை விட்டு அடுத்ததற்குப் போகலாம்.

விரல் வலி

வலிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் நுனித் தோல் தடித்து வலி அடங்கும். வலை பின்னுகிறவருக்கும் லேத்தில் நிற்பவருக்கும் இந்தக் கட்டம் வராமலேகூடப் போகலாம். குளித்ததும், பாத்திரம் கழுவியதும் ஊறின விரலோடு வாசிக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். நுனி எரிவது சகஜம், ஆனால் மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி என்றால் பிடிக்கும் விதத்தில் கோளாறு, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கட்டையும் கேப்போவும்

நம்ம ஊர்ப் பாடகர் "சி ஷார்ப்பில் பாடுறேன்" என்று சொல்ல மாட்டார், "ஒன்றரைக் கட்டை" என்பார். இந்தக் கணக்கு தெரிந்தால் எந்தக் கூட்டத்திலும் உட்காரலாம். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் நடுவில் வரும்: ஒன்றரை சி ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், இப்படி. மூன்றரையும் ஏழரையும் கிடையாது, ஏனென்றால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு ஃப்ரெட் தூரம்தான், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவேயும் அப்படியே.

கேப்போ என்பது கழுத்தில் மாட்டும் கிளிப், ஒரு ஃப்ரெட் தள்ளி மாட்டினால் மொத்த கிடாரும் அரைச் சுரம் ஏறும். பாடுகிறவர் ஐந்து கட்டையா, கேப்போ இல்லாமல் ஜி குடும்பக் கார்டுகள் (ஜி, சி, டி, ஈ மைனர்). ஐந்தரையா, கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி அதே விரல்கள். ஆறரையா, மூன்றாவது ஃப்ரெட்டில். ஒரு கட்டையா, ஐந்தாவது ஃப்ரெட்டில் மாட்டி மறுபடி அதே ஜி விரல்கள். நாலு கார்ட் தெரிந்தவர் இப்படி எந்தக் குரலுக்கும் வாசிக்கலாம். இணையத்தில் கிடைக்கும் கார்ட் பட்டியலில் கட்டை ஒத்துவரவில்லை என்று பாடகரைக் கத்த வைக்காதீர்கள், கேப்போவை நகர்த்துங்கள்.

கொஞ்சம் கர்நாடக சங்கீதம் தெரிந்தவருக்கு இன்னொரு குறுக்கு வழி: மேஜர் ஸ்கேல் சங்கராபரணம், நேச்சுரல் மைனர் நடபைரவி. பாட்டு எது பக்கம் சாய்கிறது என்று காது சொல்லிவிட்டால், ஆறு கட்டை நடபைரவிக்கு ஏ மைனரில் ஆரம்பிக்கலாம் என்பது தானே வரும்.

வாத்தியாரா, யூடியூப்பா

முதல் மூன்று மாதமாவது யாராவது ஒருவர் உங்கள் கையை நேரில் பார்ப்பது நல்லது. மணிக்கட்டு மடங்குவதை வீடியோ சொல்லாது. சேரும் முன் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள், விடவில்லை என்றால் யோசியுங்கள். வாத்தியார் மாணவரோடு சேர்ந்து வாசிக்கிறாரா, இல்லை நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு போன் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். லீவு போட்டால் அந்த வகுப்பு ஈடு செய்யப்படுமா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். கிரேடு தேர்வு வேண்டுமா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தப் பாதை வேறு, நொட்டேஷன் (எழுதிய ஸ்வரக் குறிப்பு) படிக்க வேண்டும்.

பணம் இல்லை என்றால் சர்ச் கொயர். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் கிடார் இல்லாத கொயர் அபூர்வம், ஓரமாக உட்கார்ந்து வாசிக்கவும் இடம் கொடுப்பார்கள். ஆங்கிலம் புரியும் என்றால் ஜஸ்டின்கிடார் தளத்தில் ஆரம்பப் பாடங்கள் இலவசம், வரிசையாக இருக்கும். ஒன்றைப் பிடித்தால் அதையே முடியுங்கள், தினமும் வேறு வேறு வீடியோ பார்ப்பது கிடார் பார்ப்பது, வாசிப்பது இல்லை.

எஃப் கார்ட்

எல்லோரும் பயமுறுத்தும் கார்ட் இது, ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் மொத்தமாக அழுத்த வேண்டும். முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். பதிலுக்கு எஃப் மேஜர் 7 போதும்: இரண்டாவது கம்பி முதல் ஃப்ரெட்டில் 1, மூன்றாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் 2, நாலாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் 3, முதல் கம்பி வெறுமனே. ஐந்து, ஆறு இரண்டையும் தட்ட வேண்டாம். பாதிப் பாட்டுகளில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நாலு பேரோடு

தனியாக அறையில் ஒரு வருஷம் வாசிப்பதைவிட, நாலு கார்ட் வந்ததும் டோலக் வாசிக்கும் ஒருவரைப் பிடித்து மொட்டை மாடியில் உட்காருங்கள். 2018-ல் மேடை ஏறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானாவும் கிடாரும் ஒரே மேடையில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள், அது ஒன்றும் ஒட்டாத ஜோடி இல்லை. பாட்டு எத்தனை கட்டை என்று கேட்டு, கேப்போ மாட்டி, முதல் சரணம் வரை 'சக்' மட்டும் வாசியுங்கள். டோலக்கின் அடி எங்கே விழுகிறது என்று பிடித்ததும் கார்ட் சேருங்கள். நடுவில் தொலைந்துபோனால் இடது கையைத் தளர்த்தி மறுபடி 'சக்'குக்கு வந்துவிடுங்கள், அடுத்த பல்லவியில் ஏறிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. டோலக்கோடு போட்டி போட்டு ஓங்கி அடிக்காதீர்கள், அக்கவுஸ்டிக் கிடார் அதில் ஜெயிக்காது, ஒன்றாம் கம்பிதான் அறும். பையின் முன் ஜிப்பில் மெல்லிய கம்பி தனியாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், கடையில் சில்லறையாகக் கேட்டாலே கொடுப்பார்கள். புதுக் கம்பி ஒன்றிரண்டு நாளுக்கு இழுத்துக்கொண்டே சுதி இறங்கும், அதனால் மாற்றிய அன்றைக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே ஒரு முறை டியூனரைப் பாருங்கள்.